வளவுக்குள் ஒரு பட்டறை: லேத் கடைசியில் வரட்டும்

கல்முனையிலிருந்து மேற்கே வயல் பக்கமாகத் திரும்பினால் நற்பிட்டிமுனை. அதைத் தாண்டினால் கிட்டங்கி. அதற்கப்பால் சவளக்கடை, அன்னமலை, நாவிதன்வெளி, மத்திய முகாம் என்று வயலை நம்பிய ஊர்கள். மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து பாதை அடைபடுகிற நாட்கள் போக, மற்ற நாட்களில் அந்தப் பக்கத்து உழவு இயந்திரமோ நீர்ப்பம்பியோ பழுதானால் கல்முனைக்குக் கொண்டு வருகிற வழி இதுதான். ஆகவே, தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்கிற இந்த ஊரில் வீட்டு வளவுக்குள்ளேயே ஒரு சிறு இரும்புப் பட்டறை வைத்தால் சீவிக்கலாம் என்று ஒருவர் எண்ணினால், அது வீண் ஆசையல்ல.

அப்படி எண்ணிய ஒரு குடும்பத்தை நாங்கள் சந்தித்தோம். 1990ஆம் ஆண்டு வன்செயலில் வயலையும் வீட்டையும் விட்டு வெளிக்கிட்டவர்கள். பல இடங்களில் இருந்து விட்டு, இங்கே ஒரு சிறு வளவு வாங்கிக் குடியேறியவர்கள். வயல் இன்னும் கைக்கு வந்து சேரவில்லை. மூத்த மகன் கராஜ் ஒன்றில் சில வருடங்கள் வேலை பழகியவர். தாயின் நகையை ஈடு வைத்து, இருந்த சேமிப்பையும் சேர்த்து, பழைய லேத் மெசின் ஒன்றை வாங்கிவிட்டார்கள். தகரக் கொட்டிலுக்குள், மணல் தரையில், நாலு பக்கமும் செங்கல் அடுக்கி அதன் மேல் மெசின் நின்றது.

“மெசின் நல்லாத்தான் ஓடுது பாதர். ஆனா கடைஞ்சா ஒரு பக்கம் மொத்தம், ஒரு பக்கம் மெல்லிசா வருது. வாறவங்க ஒருக்கா வந்தா மறுகா வாறாங்க இல்ல” என்றார் வீட்டுக்காரர். உம்மா ஒன்றும் கதைக்கவில்லை. ஈடு மீட்கிற தவணை அவர் மனதில் ஓடியிருக்கும்.

நாங்கள் சுற்றிப் பார்த்தோம். லேத் இருந்தது, வைஸ் இல்லை. துளைபோடுகிற மெசின் இல்லை. வெல்டிங் செய்ய அடுத்த வீட்டில் இரவல். வந்த வேலைகளில் பெரும்பாலானவை வெட்டவும், துளைக்கவும், ஒட்டவும் வேண்டியவை. லேத் வேண்டிய வேலை பத்தில் ஒன்றோ இரண்டோ. காசெல்லாம் அந்த ஒன்றிரண்டுக்காக முடங்கிக் கிடந்தது.

இதைச் சொல்லும்போது அவர்களை மட்டும் குறை கூற எங்களுக்கு வாயில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடற்கோளுக்குப் பின் உதவிப் பணம் தாராளமாக வந்த காலத்தில், நாங்களும் இதே பிழையைச் செய்தோம். இளைஞர் குழு ஒன்றுக்குப் பெரிய லேத் ஒன்றை வாங்கிக் கொடுத்து, படம் எடுத்து, அறிக்கையும் அனுப்பினோம். அந்தக் கிராமத்து மின்கம்பியில் அதை ஓட்டப் போதிய மின்சாரம் இல்லை என்பதை யாரும் பார்க்கவில்லை. அது பொதுச் சொத்தாகையால் எண்ணெய் பூசுவது யாருடைய வேலையுமல்ல என்றாகி, இரண்டு மாரிக்குள் துருப்பிடித்தது. பட்டறையைப் பொறுத்தவரை, மெசினுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்க வேண்டும். மற்றவர்கள் கூலி கொடுத்துச் செய்விக்கட்டும் என்பதே அதன் பின் எங்கள் அபிப்பிராயம்.

எதை முதலில் வாங்குவது?

எங்கள் பக்கத்து வயல்களில் எது முறிகிறது என்று பாருங்கள். லேன்ட் மாஸ்டரின் சுழல் கலப்பைக் கத்திகளும் அவற்றைப் பிடிக்கிற போல்ட்டுகளும். பெட்டியைக் கொழுவுகிற ஊசியும் அதன் துவாரமும். மட்காட், இருக்கைத் தாங்கி, தண்ணீர்ப் பம்பியின் அடித்தட்டு. கேற், யன்னல் கிராதி, சைக்கிள், முச்சக்கர வண்டியின் சில்லறை வேலைகள். இவற்றுக்கு லேத் வேண்டாம்.

முதலில் வாங்க வேண்டியது ஒரு நல்ல வைஸ். தாடை அகலம் நாலு அல்லது ஐந்து அங்குலம். மலிவான வார்ப்பு வைஸ் ஒரு முறை சுத்தியலால் அடித்ததும் பிளக்கும். பழைய இங்கிலாந்து வைஸ் கிடைத்தால், திருகாணி தேய்ந்திருந்தாலும், அதுவே மேல். வைஸின் தாடை உங்கள் முழங்கை உயரத்துக்கு வரும்படி மேசையைக் கட்டுங்கள். அரம் போடும்போது தோள் நோகாமல் இருக்கும். மேசைக் காலை நிலத்தில் புதையுங்கள், அல்லது சுவரோடு போல்ட் போடுங்கள். ஆடுகிற மேசையில் நேராக அரம் போட எந்தத் தச்சனுக்கும் கொல்லனுக்கும் முடியாது.

அதோடு இரும்பு வாள், மூன்று நாலு அரம், இரண்டு சுத்தியல், மூலைமட்டம், வேர்னியர், பிறகு டெப் டை செட். டெப் டை வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே ஓடுகிற பழைய மாசி பெர்குசன் 35, 135 உழவு இயந்திரங்களின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. ஜப்பானிய லேன்ட் மாஸ்டர்களும் மோட்டார் சைக்கிள்களும் மில்லிமீற்றர்க் கணக்கு. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும். மாறிப் போட்டால் நட் இரண்டு சுற்றுப் போய் இறுகி, புரியைச் சிதைத்துவிடும். புரி அளக்கிற சீப்பு ஒன்று சிறு விலைதான். அதை முதலே வாங்கிவிடுங்கள்.

பிறகு வெல்டிங் பிளான்ட். முன்பு எண்ணெய் நிரப்பிய கனத்த பிளான்ட்டுகளே இருந்தன. தெருவிலுள்ள எல்லா வீட்டு விளக்கும் மங்கும். இன்று கையில் தூக்கிச் செல்லக்கூடிய இன்வேட்டர் பிளான்ட் தாராளமாகக் கிடைக்கிறது. அதே வேலைக்குக் குறைந்த மின்சாரம் எடுக்கும். இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு: ஓட வேண்டி வந்தால் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகலாம். இந்தக் கரையில் வாழ்ந்தவர்களுக்கு இது பகிடியல்ல என்று தெரியும்.

அடுத்தது நிலையான துளை மெசின், பிறகு கிரைண்டர். இவை நாலும் இருந்து, இரண்டு போகம் வேலை செய்து, “இதற்கு லேத் வேண்டும்” என்று திருப்பி அனுப்பிய வேலைகளை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கிழமைக்கு மூன்று நாலு வேலை அப்படித் திரும்பிப் போனால் லேத்தைப் பற்றி யோசிக்கலாம். மாதத்துக்கு ஒன்றென்றால், அந்த ஒன்றைக் கல்முனையில் கடைந்து எடுத்து வருவதே லாபம். மருதமுனைக்குக் கிட்ட இருப்பவர்களுக்குக் கணக்குச் சற்று மாறலாம். அங்கே கைத்தறிக்கும் சிறு உதிரிப்பாகங்கள் தேய்ந்துகொண்டே இருக்கும்.

பழைய லேத்தைப் பார்த்து வாங்குதல்

பெயின்ற் அடித்துப் பளபளவென்று நிற்கிற லேத்தைக் கண்டு மயங்க வேண்டாம். இந்தியாவில் பஞ்சாபின் பட்டாலாவிலும் குஜராத்தின் ராஜ்கோட்டிலும் வார்த்த லேத்துகளும், பழைய இங்கிலாந்து, ஜப்பான் லேத்துகளும், சீன லேத்துகளும் விலைக்கு வருகின்றன. எந்த நாடு என்பதை விட, எவ்வளவு தேய்ந்தது என்பதே முக்கியம்.

பெட் என்று சொல்லப்படும் நீண்ட தண்டவாளம் சக்குக்கு அருகேதான் அதிகம் தேயும், ஏனெனில் வேலை நடப்பது அங்கே. சாடிலைச் சக்குக்குக் கிட்டக் கொண்டு வந்து, அதன் பூட்டை இலேசாக உரசும்வரை இறுக்குங்கள். பிறகு சாடிலைக் கையால் மறு முனைக்குத் தள்ளிப் பாருங்கள். போகப் போக இறுகி நின்றால், சக்குப் பக்கம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். சற்று இறுகினால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். அசையவே மறுத்தால் விட்டுவிடுங்கள்.

சக்குக்குக் கீழே ஒரு மரக்கட்டையைக் கொடுத்து மெல்ல நெம்புங்கள். டக் என்று சத்தம் கேட்டால் பேரிங்கில் ஆட்டம் உண்டு. பெட்டியைத் திறந்து பற்சில்லுகளில் உடைந்த பல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், மெசின் நிற்கும்போதுதான். புரி வெட்டுவதற்கு மாற்றிப் போடுகிற பற்சில்லுகள் முழுதாக இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். விற்பவர் “அது வீட்டில் இருக்கு, பிறகு தாறேன்” என்றால், அது வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்குலத் திருகுள்ள லேத்தில் மில்லிமீற்றர்ப் புரியைச் சரியாக வெட்ட 127 பல்லுள்ள சில்லு வேண்டும். ஐந்து அங்குலம் சரியாக 127 மில்லிமீற்றர் என்பதே அதன் கணக்கு.

மோட்டரின் தகட்டை வாசியுங்கள். வீட்டுக்கு வருவது பெரும்பாலும் 230 வோல்ட் ஒரு முனை மின்சாரம். பழைய பட்டறை லேத்துகளில் மூன்று முனை மோட்டரே இருக்கும். தகட்டில் 230/400 என்றிருந்தால், வேகங்கட்டுப்படுத்தும் இன்வேட்டர்ப் பெட்டி ஒன்றைப் பொருத்தி, மோட்டருக்குள் இணைப்பை மாற்றி, வீட்டு மின்சாரத்திலேயே ஓட்டலாம். 400/690 என்றிருந்தால் சாதாரணப் பெட்டியால் முடியாது. மோட்டரை மாற்ற வேண்டி வரும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

ஏற்றி வரும்போது அவசரப்பட வேண்டாம். லேத்தின் பாரம் மேல் பக்கத்திலும் சக்குப் பக்கத்திலும் இருப்பதால் இலகுவில் குடைசாயும். கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றி, சாடிலைக் கடைசி முனைக்குத் தள்ளிப் பூட்டி, நிலத்தில் குழாய்களை உருட்டி, அலவாங்கால் நெம்பி மெல்ல நகர்த்துங்கள். சரிகிற லேத்தைக் கையால் தாங்க ஒருபோதும் முயல வேண்டாம். விழட்டும். வார்ப்பிரும்பு உடைந்தால் இன்னொன்று தேடலாம்.

மணலில் நின்றால் கோணலாகத்தான் கடையும்

நற்பிட்டிமுனை வீட்டுக்குத் திரும்புவோம். அவர்களுடைய மெசினில் பழுது ஒன்றுமில்லை. நாலு செங்கலில் ஒன்று மணலுக்குள் அரை அங்குலம் புதைந்திருந்தது. கனத்த வார்ப்பிரும்பு வளையாது என்று பலரும் நினைக்கிறோம். சீரில்லாத தரையில் நிறுத்தினால், தன் பாரத்தாலேயே பெட் முறுக்கிக் கொள்ளும். முறுக்கின பெட்டில் ஓடுகிற கத்தி ஓரிடத்தில் வேலைக்குக் கிட்டவும், இன்னோரிடத்தில் தூரவும் போகும். மொத்தம், மெல்லிசு என்று அவர் சொன்னதன் காரணம் இதுதான்.

ஆகவே தரை. மூன்றரை அடி பெட் உள்ள சிறு லேத்துக்கு ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலம், ஆறு அங்குலத் தடிப்பில் கொங்கிரீட் போதும். மேல் மணலை ஒரு முழம் வரை தோண்டி, தண்ணீர் ஊற்றி இடித்து இறுக்கி, சல்லி பரப்பி, அதன் மேல் பொலித்தீன் விரித்துப் பிறகு கொங்கிரீட் போடுங்கள். பொலித்தீன் நிலத்து ஈரம் மேலே வராமல் தடுக்கும். ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நாலு பங்கு கல். ஐம்பது கிலோ மூடை ஒன்றும் இன்னும் சிறிதும் செலவாகும். கடற்கரை மணலை மட்டும் சேர்க்க வேண்டாம். உப்பு ஈரத்தை இழுக்கும், உள்ளே போட்ட கம்பியையும் தின்னும். ஆற்று மணலே வேண்டும். குறைந்தது ஏழு நாள் சாக்குப் போட்டு நனைத்து வையுங்கள். 28 நாள் சென்ற பின் மெசினை ஏற்றுங்கள். நகையை ஈடு வைத்தவர்களுக்கு 28 நாள் பொறுப்பது கடினந்தான். ஆனாலும் பொறுக்க வேண்டும்.

தரையின் உயரம் அதைவிட முக்கியம். 2024 நவம்பர் வெள்ளத்தில் உங்கள் வளவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று சுவரில் கறை இருக்கும். மோட்டர் அந்தக் கறைக்கு மேலே இருக்க வேண்டும். தரையை உயர்த்த முடியாவிட்டால் மோட்டரை மெசினின் காலடியிலிருந்து கழற்றிப் பின்னால், மேலே பொருத்துங்கள்.

இனி மட்டம். மேசன்மார் பாவிக்கிற நீர்மட்டம் ஓரளவுக்குத்தான் உதவும். சரியான மட்டம் பார்க்கிற கருவி விலை கூடியது. அது இல்லாமலும் செய்யலாம். ஒன்றரை அங்குல மொத்தமான இரும்புத் தண்டொன்றைச் சக்கில் பிடியுங்கள். ஆறு அங்குலம் வெளியே நீட்டி நிற்க வேண்டும். மறு முனையைத் தாங்க வேண்டாம். நடுப்பகுதியைக் கடைந்து மெல்லிசாக்கி, இரு முனையிலும் வளையல் போல ஒவ்வொரு மேடு விடுங்கள். கத்தியை நன்றாகத் தீட்டி, கத்தியின் அளவை மாற்றாமல், இரு மேட்டையும் ஒரே ஓட்டத்தில் மெல்லியதாகச் சீவுங்கள். பிறகு இரண்டையும் மைக்ரோமீற்றரால் அளவுங்கள். வித்தியாசம் 0.02 மில்லிமீற்றருக்குள் என்றால் எங்கள் வேலைகளுக்குத் தாராளம். வெளி முனை மொத்தமாக இருந்தால், சக்கில்லாத முனையில் நீங்கள் நிற்கிற பக்கத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். கத்தி வேலைக்குக் கிட்டப் போகும். மெல்லிசாக இருந்தால் அதே முனையில் பின்பக்கக் காலை உயர்த்துங்கள். தகரத் துண்டொன்று வைத்து, போல்ட்டை இறுக்கி, மறுபடி சீவி அளந்து பார்க்க வேண்டும். அரை நாள் வேலை. அன்று அந்த மகனோடு சேர்ந்து தற்காலிகமாகத் தடித்த பலகையின் மேல் இதைச் செய்து காட்டினோம். ஆறாவது முறையில் இரு மேடும் ஒத்து வந்தன. வாப்பா மைக்ரோமீற்றரை வாங்கித் தானும் ஒரு தரம் அளந்து பார்த்தார்.

மின்சாரமும் நிலக்கம்பியும்

ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஆறேழு அம்பியர் எடுக்கும். புறப்படும் கணத்தில் அதன் நாலைந்து மடங்கு. கிணற்று மோட்டருக்கு இழுத்த மெல்லிய வயரில் இதைக் கொழுவினால் வோல்ட் விழும், மோட்டர் முனகும், சூடாகும், ஒரு நாள் எரியும். பட்டறைக்கென்று பிரதான பலகையிலிருந்தே தனி வயர் இழுங்கள்: மோட்டருக்கு 2.5 சதுர மில்லிமீற்றர், வெல்டிங்குக்கு 4 அல்லது 6. அனுமதி பெற்ற மின் வேலையாளைக் கொண்டு செய்விப்பதில் காசைப் பார்க்க வேண்டாம்.

எங்கள் மணலில் இன்னொரு ஆபத்து உண்டு. நிலக்கம்பி அடித்திருந்தும், சிறுபோகக் காலத்தில் கச்சான் வீசி மணல் காய்ந்துவிட்டால், அது மின்சாரத்தை நன்றாக நிலத்துக்குக் கடத்தாது. நிலக்கம்பியை ஈரம் காயாத இடத்தில், குளிக்கிற இடத்துத் தண்ணீர் வழிகிற பக்கமாக அடியுங்கள். 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் பட்டறை வைக்கவே கூடாது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள்.

உப்புக் காற்றும் உரப்பையும்

கரையிலிருந்து சில கிலோமீற்றர் தள்ளியிருந்தாலும், மாரியில் வாடை அடிக்கும்போது உப்பு ஈரம் வந்து சேரும். பட்டறைக் கதவை வடகிழக்குப் பார்க்க வைக்க வேண்டாம். வேலை முடிந்ததும் தூளைத் தூரிகையால் தட்டி, பழந்துணியால் துடைத்து, சுத்தமான எஞ்சின் எண்ணெயை மெல்லிதாகப் பூசுங்கள். ஐந்து நிமிடந்தான் பிடிக்கும். வண்டியிலிருந்து வடித்த கறுத்த எண்ணெய் வேண்டாம். அதில் கரியும் அமிலமும் உண்டு. தொடர்ந்து தோலில் பட்டால் புற்றுநோய் வரவும் கூடும். தேங்காயெண்ணெயும் வேண்டாம், சிக்குப் பிடித்து இறுகிவிடும். டெப் போடும்போது இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுவது வேறு, அது நல்லது.

மெசினைப் பொலித்தீனால் இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். எண்ணெய்ப் பிசுக்குள்ள பருத்திப் போர்வையே போதும்.

கமக்காரர் வீடுகளில் நாங்கள் அடிக்கடி காண்கிற பிழை ஒன்று உண்டு. கொட்டில் ஒன்றுதான் இருக்கும்; அதற்குள்ளேயே உரப்பைகளும் இருக்கும். எம்.ஓ.பி. என்கிற பொட்டாசு உரம் குளோரைட்டு உப்பு. யூரியாவும் ஈரத்தை இழுக்கும். உரப்பையோடு ஒரு போகம் கிடந்த லேத், கடலோரத்தில் பல வருடம் நின்றது போலாகிவிடும். பற்றரி சார்ஜ் பண்ணுவதையும் வெளியே வையுங்கள். அதிலிருந்து எழுவது அமில ஆவி. கிரைண்டரை லேத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அதன் பொறித்தூள் பெட்டில் விழுந்து, எண்ணெயோடு சேர்ந்து அரம் போல அராவும். இரண்டுக்கும் நடுவே ஒரு தகரத் தட்டியாவது வேண்டும்.

விட்டுப் போன மெசினைத் திரும்பிவந்து காண்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இடப்பெயர்வின்போது பாரத்தினால் யாரும் தூக்கிப் போகாமல் விட்ட லேத்துகள் சில இன்னும் பற்றைகளுக்குள் கிடக்கின்றன. உடனே சுவிட்ச் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஒவ்வொரு மூட்டிலும் விட்டு, ஒரு கிழமை ஊற விட்டு, கையால் மெல்ல அசையுங்கள். சிறு பாகங்களின் துருவை நீக்க, பிளாஸ்டிக் வாளியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் தொங்கவிட்டு, பற்றரி சார்ஜரின் கழிக் கம்பியைத் துருப்பிடித்த பாகத்திலும், கூட்டற் கம்பியை ஒரு பழைய இரும்புத் துண்டிலும் கொழுவுங்கள். கம்பி மாறினால் உங்கள் பாகம் கரைந்து போகும். பழைய துண்டு எவர்சில்வராக இருக்கக் கூடாது. அதிலிருந்து நஞ்சு கரையும். தீப்பிடிக்கிற வாயு எழும்புவதால் இதை முற்றத்தில், நெருப்பில்லாத இடத்தில் செய்ய வேண்டும். கடல்நீரோ வெள்ளமோ ஏறிய மெசின் என்றால், முதலில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, அதன் பின்பே காய வைத்து எண்ணெய் பூச வேண்டும். கடற்கோளின் பின் பலர் தண்ணீருக்குப் பயந்து கழுவாமலே காய விட்டனர்; உள்ளே நின்ற உப்பு மெசினைத் தின்றது. ஏறிய தண்ணீரில் நனைந்த மோட்டரையும் இவ்வாறே கழுவி, பல நாள் வெயிலில் காய வைத்து, மின் வேலையாள் அளந்து பார்த்துச் சரி என்ற பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

கண்ணும் கையும்

சாரத்தோடு லேத் முன் நிற்கக் கூடாது. எங்கள் வெக்கையில் சாரமே சுகம் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் சுழல்கிற சக் தொங்குகிற துணியைப் பிடித்தால் ஆளையும் சேர்த்தே இழுக்கும். நீளக் கை, முந்தானை, கழுத்துத் துவாய், மோதிரம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கையுறையும் லேத்திலும் துளை மெசினிலும் ஆபத்து. சக்கின் சாவியைக் கையிலிருந்து விடுவதென்றால் சக்கிலிருந்து எடுத்த பின்பே விட வேண்டும். மறந்து சுவிட்ச் போட்டால் அது நெஞ்சுக்கோ நெற்றிக்கோ பறந்து வரும். நீளச் சுருளாக வருகிற இரும்புச் சீவலைக் கையால் இழுத்து விரலை இழந்தவர்களைக் கண்டிருக்கிறோம். கம்பிக் கொக்கி ஒன்று செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிரைண்டர்க் கல்லைப் பூட்டுமுன் விரலில் தொங்கவிட்டு, மரப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். மணிபோல ஒலித்தால் நல்லது. மொத்தமாகச் சத்தம் வந்தால் வெடிப்புண்டு, எறிந்துவிடுங்கள். பெற்றோல் தாங்கியையோ டீசல் பரலையோ, “காலியாத்தான் கிடக்கு” என்று சொன்னாலும், ஒட்டுவதற்கு எடுக்கவே வேண்டாம். காலித் தாங்கிக்குள் நிற்கிற ஆவிதான் வெடிப்பது. நாகம் பூசிய தகரமும் குழாயும் ஒட்டும்போது எழும்புகிற வெள்ளைப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். பூச்சை முதலில் அராவி நீக்கி, காற்று வீசுகிற பக்கம் நின்று ஒட்டுங்கள். வீட்டு வளவென்றபடியால் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள். வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்த பிள்ளை இரவில் கண்ணுக்குள் மண் விழுந்தது போல அழும். ஒரு பழைய தகரத்தை மறைப்பாக நிறுத்துவதற்குச் செலவில்லை.

பழகிய கைக்கு ஒரு சான்றிதழ்

எங்கள் மாவட்டங்களில் தொழில் பழக்குகிற மரபு பழையது. மட்டக்களப்பில் இயேசு சபையினரின் ஈஸ்டர்ன் டெக்னிக்கல் இன்ஸ்ரிரியூட்டில் எத்தனையோ இளைஞர்கள் அரம் பிடிக்கக் கற்றார்கள். அதன் பணிப்பாளராயிருந்த அருட்தந்தை யூஜின் ஹேபர்ட் 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார், இன்றுவரை திரும்பவில்லை. அதே ஆண்டில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி, பிறகு கராஜுகளில் வேலை பழகியவர்களிடம் சான்றிதழ் என்று ஒன்றுமில்லை. 1995இல் அமைக்கப்பட்ட தொழிற் பயிற்சி அதிகார சபையில் பயிற்சி பெறலாம் என்பது பலருக்கும் தெரியும். பயிற்சிக்குப் போகாமலே, கைத்திறனைச் செய்து காட்டித் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறுகிற வழியும் உண்டென்பது பலருக்குத் தெரியாது. முன்பு செய்த வேலைகளின் படங்களையும் விபரங்களையும் கொப்பியாகக் கட்டிக் கொண்டு போனால் உதவும். வங்கியில் கடன் கேட்கப் போகும்போது அந்தக் கடதாசிக்கு ஒரு பெறுமதி உண்டு.

கடதாசி என்றதும் இன்னொன்று. ஒவ்வொரு மெசினின் தொடர் இலக்கத்தையும் எழுதி, படம் எடுத்து, வாங்கிய பற்றுச்சீட்டின் பிரதியோடு வேறு ஊரிலுள்ள உறவினர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பட்டறை அழிந்து, பற்றுச்சீட்டும் அதோடு எரிந்து, நட்டஈட்டுப் படிவத்தில் எழுத ஒன்றுமில்லாமல் கந்தோர் வாசலில் நின்ற குடும்பங்கள் எங்களுக்குத் தெரியும்.

கணக்கிலும் கமக்காரர் வழமையை மறக்க வேண்டாம். “போகம் வெட்டினாப் பொறகு தாறேன்” என்பதுதான் எங்கள் பக்கத்துப் பேச்சு; அதை மறுத்தால் வேலை வராது. இரும்பு, வெல்டிங் கூர், பேரிங் ஆகியவற்றின் விலையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, கூலியை மட்டும் போகத்துக்கு விடுங்கள். கொப்பியில் திகதியோடு எழுதி அவரிடமும் ஒரு ஒப்பம் வாங்குங்கள். சொந்தக்காரரென்றாலும்.

நற்பிட்டிமுனைக் குடும்பத்தார் மழை விட்டதும் கொங்கிரீட் போட்டார்கள். வைஸ் ஒன்றைக் காத்தான்குடியிலுள்ள சொந்தக்காரரிடம் பாதி விலைக்கு வாங்கினார்கள். இப்போது சவளக்கடைப் பக்கத்திலிருந்து பம்பித் தண்டும் புஷ்ஷும் கடைய வருகிறார்கள். நகை இன்னும் மீளவில்லை. வட்டி மட்டும் தவறாமல் போகிறது. புதுக் கொங்கிரீட் முதல் வருடத்தில் சற்று இறங்கும் என்று சொல்லி வைத்தோம். சிறுபோக விதைப்பு முடிந்ததும் அந்த இரண்டு மேட்டுச் சோதனையை மகன் மறுபடி செய்ய வேண்டும்; தண்டை எண்ணெய்த் துணியில் சுற்றி வைஸுக்குக் கீழே பத்திரமாக வைத்திருக்கிறார்.